மூன்று படி

தென்காசிக் கோபுரத்தையும் குற்றாலத்துப் பேரருவியையும் காரில் உட்கார்ந்தபடியே பார்த்தாயிற்று. இலத்தூருக்குள் நுழைந்ததும் மதுநாதசுவாமி கோயில் பக்கம் ஒரு கும்பிடு. நான் வந்தது ஒரு திண்ணைக்காக.

நான் பிறந்த வீடு கைமாறிவிட்டது. திண்ணை மட்டும் அப்படியே இருக்கிறது: வழவழத்த சிமெண்டுத் தரை, ஓரத்தில் கல்தூண், தெருவிலிருந்து ஏற மூன்று படி. இளம்பிள்ளை வாதம் வந்த என்னை அப்பா காலையில் தூக்கிவந்து அந்தத் தூணோரம் உட்காரவைப்பார். தரை சில்லிடுமென்று தோள்துண்டை நாலாக மடித்துப் போடுவார். ஆனி மாதம் சாரல் முகத்தில் அடிக்கும். நனைந்தபடி பள்ளிக்கூடம் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே போக அப்பா வயலிலிருந்து திரும்ப வேண்டும். இப்போது அப்பா இல்லை.

சிங்கப்பூரில் தினமும் தனியாகப் பேருந்தேறி வேலைக்குப் போகிறேன். ஓட்டுநர் சரிவுப் பலகையை விரித்துப் போட்டால் போதும், நானே சக்கர நாற்காலியை உருட்டி ஏறிக்கொள்வேன். பிறந்த வீட்டு வாசலில் அது நடக்கவில்லை. "அக்கா, சேரோட தூக்கிருதோம்" என்று இளவட்டங்கள் ஓடிவந்தார்கள். பிரியம்தான். ஆனால் ஒரு பையன் பிடித்தது கழன்று வருகிற கைதாங்கியை. "கீழ்க் கம்பியப் பிடிங்க" என்று நான் கத்துவதற்குள் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் பக்கத்து ஊர்தான் ஆய்க்குடி. 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், ஐ.நா. ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல் அங்கே ஊனமுற்றோருக்குப் படிப்பும் பயிற்சியும் தரும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் கைகோத்த எஸ். சங்கரராமனும் சக்கர நாற்காலியில் இருப்பவர். கிராமத்தில் ஊனமுற்றோருக்கு எதுவும் செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்துகாட்டியவர்கள்.

எங்கள் வாசலிலும் முடியும். சக்கர நாற்காலி ஓரடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும். எங்கள் படிகள் ஒன்றரை அடி. 18 அடி ஆகும். சுவரை ஒட்டித் திருப்பினால் தெருவை அடைக்காது. இப்போதைய வீட்டுக்காரரிடம் கையால் அளந்தே காட்டினேன். "செஞ்சிருவோம்க்கா. எங்க அம்மையும் முட்டுவலியில எறங்க மாட்டாம உள்ளயே கெடக்கா" என்றார்.

அவர் கட்டிவிடுவார் என்றே நம்புகிறேன். எந்த அப்பாவாலும் ஆயுசு முழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆய்க்குடியில் படித்து, பயிற்சி எடுத்து வீடு திரும்புகிற பிள்ளை, சொந்த வாசலில் இன்னொருவர் கைக்காகக் காத்திருக்கக் கூடாது.