நான் பிடித்த முயல்!

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. லாரி சத்தத்துக்கு நடுவே ஒரு வெள்ளை முயல். 'வெறும் புல்லா... பாவம்!' என்று சாயங்கால டீக்கு வரும் பிஸ்கட்டில் பாதியை நீட்டுவேன். மூக்குத் துடிக்க ஓடி வரும். "வேணாங்க" என்பாள் மனைவி. கேட்பேனா? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

ஒரு நாள் காலை, மூலையில் சுருண்டு கிடந்தது. தீனி எடுக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை. அடித்துப் பிடித்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர். பி.காம். படித்தவன்... கணக்கை ஒப்பித்தேன்.

முயலால் வாந்தி எடுக்க முடியாதாம். மாவும் சர்க்கரையும் குடலைக் கெடுத்துவிடும். அரை நாள் தின்னாவிட்டாலே ஆபத்து. கேரட்கூட இனிப்புதான், எப்போதாவது சின்னத் துண்டு போதும். சாகும்வரை வளரும் பல்லைத் தேய்க்கவும் புல்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் புழுக்கை போட்டது. போனஸ் வந்த சந்தோஷம் சார்!

இப்போது கொத்தமல்லித் தழையைக் கழுவி நீட்டுகிறேன். அதே மூக்குத் துடிப்பு, அதே ஓட்டம். பிஸ்கட் ஆசை எனக்குத்தான் இருந்திருக்கிறது. முழுசையும் நானே தின்கிறேன். தொப்பை என் கணக்கில்!