ஊர் வாயும் உலை வாயும்

சுவரில் ஒட்டிய வண்ணக் காகிதம் முழுக்க ஹிட்லரின் முகம். அதன் எதிரே இருவர் கதை பேசுகிறார்கள். 1940-இல் பிரிட்டனின் தகவல் அமைச்சகத்துக்காக, ‘ஃபூகாஸ்’ என்ற புனைபெயரில் சிரில் கென்னத் பேர்ட் வரைந்த சுவரொட்டி அது. சுவருக்கும் காது உண்டு என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் அதிலும் எழுதியிருந்தார்கள். இன்னொன்றில் இரண்டு பெண்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பின் இருக்கையில் ஹிட்லரும் அவரது கூட்டாளி கோரிங்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. கப்பல் புறப்படும் நாள் எதிரிக்குத் தெரிந்தால் கப்பலும் மிஞ்சாது, ஆட்களும் மிஞ்சமாட்டார்கள்.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில், அவநம்பிக்கையாகப் பேசினார்கள் என்றே சாதாரண மனிதர்கள் மீது வழக்குப் போட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். அவநம்பிக்கைப் பேச்சின் வாயடைக்க அரசு நடத்திய பிரசாரத்தைப் பிரதமர் சர்ச்சில் அந்த மாதமே கைவிட வேண்டியதாயிற்று.

2025 மே மாதம், இந்தியா-பாகிஸ்தான் மோதல் நாட்களில், கீரமங்கலம் பூ கமிஷன் கடையில் முல்லையை எடைக்கு வைத்தபடியே, தம்பியைப் படைக்கு அனுப்பிய ஒரு அக்கா சொன்னார்: “தம்பிக்கு லீவு கேன்சலாம்ணே. ராத்திரியே ரயில் ஏறிட்டான்.” கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். “ஒண்ணும் ஆகாது தங்கச்சி, நல்லபடியா வருவான்” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தச் சுவரொட்டிகள் நினைவுக்கு வந்தன. அந்த அக்காவின் முன்னால் அவற்றை ஒட்ட எனக்கு மனம் வராது. நெஞ்சில் கிடந்த பயத்தை நம்பிக்கையான நாலு பேரிடம் இறக்கி வைத்தார், அவ்வளவுதான்.

பெரிய சேதம் பெரிய வாய்களிலிருந்துதான் வந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்து சென்னைதான் என்று அரசே நம்பி, நகரில் இருக்க அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அறிவித்தது. லட்சக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடினார்கள். ஜப்பானியக் கப்பற்படை சென்னைக்கு வரவே இல்லை. 2008-இல் மும்பைத் தாக்குதலைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்ட, பாகிஸ்தானில் இருந்தவர்கள் அதைப் பார்த்தே தாக்குதல்காரர்களுக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்கள். உயிரோடு பிடிபட்ட தாக்குதல்காரர் கசாப் வழக்கில், 2012-இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. 2025 மே மாதத்திலும் கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டதாகச் சில தொலைக்காட்சிகள் பொய்ச்செய்தி பரப்பின.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மூடவும் வேண்டாம். எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், எந்த நாள் என்ற மூன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் போடாமல் காப்பது நம் கடமை. உண்மையை உரிய நேரத்தில் சொல்வது அரசின் கடமை. அரசு அதைச் செய்யாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. பிள்ளையைப் படைக்கு அனுப்பிய வீட்டுக்கு நாமும் அரசும் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை இந்த இரண்டும்தான்.