பத்தில் ஒன்று, நூறில் ஒன்று

பழங்காசைக் கையில் வாங்கியதும் பலரும் ஆண்டைத்தான் தேடுவார்கள். நான் தேடுவது, அது எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்பதை. நாகூரில் காசு பார்ப்பவனுக்கு இந்தப் பழக்கம் தானாகவே படிந்துவிடும். பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று போய்வந்த சபராளிகளின் வீட்டுத் தகரப்பெட்டிகளில் அணாவும் சென்ட்டும் கலந்தே கிடக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் நமக்கு அடித்த காலணாவையும், 1845 என்று பொறித்து மலாக்கா நீரிணைப் பகுதிக்கு அடித்த ஒரு சென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே செம்பு. இங்கே ரூபாய்க்குப் பதினாறு அணா. அங்கே டாலருக்கு நூறு சென்ட். இலங்கை ரூபாயும் 1872லேயே நூறு சென்ட்டாகிவிட்டது. நமக்கு நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்றுதான்.

கம்பெனியின் தாய்நாட்டிலும் அந்த நாளில் இதே பேச்சு நடந்தது. எம்.பி.யாக இருந்த ஜான் பௌரிங் பார்லிமென்டில் பத்தின் கணக்கைக் கேட்டு வாதாடினார். பவுனில் பத்தில் ஒரு பங்கான ஒரு வெள்ளிக்காசுக்கு நாணயச் செதுக்குக் கலைஞர் வில்லியம் வையன் 1848இல் மாதிரிகள் செய்தார். காசு முடிவாகிவிட்டது, பெயர் முடிவாகவில்லை. ஆகவே ஒன்றில் 'சென்டம்', ஒன்றில் 'டெக்கேட்', ஒன்றில் 'டைம்', ஒன்றில் 'ஃபுளோரின்'. புழக்கத்துக்கே வராத இந்த மாதிரிகள் இன்று மிக அரியவை. ஓர் அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்ததை அப்படியே வெள்ளியில் பார்க்க முடிகிறது என்பதாலேயே எனக்கு அவற்றின்மேல் அத்தனை பிரியம்.

1849இல் ஃபுளோரின் வெளிவந்தது. அரசியின் பட்டத்தில் 'கடவுள் அருளால்' என்ற சொற்கள் விடுபட்டதால் எழுந்த சர்ச்சையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கண் போவது மறுபுறத்துக்கு. 'பவுனில் பத்தில் ஒன்று' என்று அங்கே எழுதியிருக்கிறது. நம் நயா பைசாவிலும் 'ரூபாயில் நூறில் ஒரு பாகம்' என்று இந்தியில் பொறித்திருக்கிறார்கள். பழகாத கணக்கை, வாங்குகிறவர் உள்ளங்கையிலேயே காசு விளக்கிவிடுகிறது.

ஆனால் பிரிட்டன் சுலபமான இடத்தோடு நின்றுகொண்டது. ஃபுளோரினின் மதிப்பான இரண்டு ஷில்லிங் என்பது பவுனில் சரியாகப் பத்தில் ஒன்று, யாருக்கும் நஷ்டமில்லை. பவுனுக்கு 240 என்றிருந்த பென்னியை, பவுனை ஆயிரமாகப் பிரிக்கும் கணக்கில் கொண்டுவந்தால் சில்லறை மிஞ்சும். அதைத் தொட அவர்கள் 1971 பிப்ரவரி 15 வரை காத்திருந்தார்கள். நாம் அந்த முள்ளையே முதலில் பிடித்தோம். நாலணா 25 பைசா, எட்டணா 50, அதுவரை சிக்கலில்லை. ஓரணாவோ ஆறேகால். அட்டவணைப்படி ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19. ஓரணாச் சாமானை நான்கு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 பைசா. ஒரேயடியாக நாலணாவுக்கு வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவை ஒவ்வொரு கடையிலும் பேசித் தீர்த்துக்கொண்ட ஜனங்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

1957 நயா பைசா உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், காசின் இயல்பான நிறம் போய்விடும். அது திரும்ப வராது. விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்தாலே எழுத்து தெரியும். வழக்கமாக ஆல்பத்தில் நாடுவாரியாக அடுக்குவார்கள். நான் ஃபுளோரினையும் நயா பைசாவையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.