பந்து எத்தனை தடவை காலில் பட்டது?

ஒரு கோஷ்டி தோற்றுப்போனால் அதற்குக் காரணம் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜெயித்தால் மட்டும் "பரவாயில்லை" என்ற ஒற்றை வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வாகனங்களை நிறுத்திய பிறகு, கடலைப் பார்த்தபடி வந்து உட்காரும் நாலைந்து பேரில் நானும் ஒருவன். கதை எழுதுகிறவனுக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு ஆடத் தெரியாது. ஆடுகிறவர்களுக்காகச் சண்டை போடுகிறவர்களைக் கவனிக்கத் தெரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி கோவாவில் இந்தியா சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டதல்லவா? அந்த வாரம் எங்கள் கூட்டத்தில் சண்டை உச்சத்துக்குப் போய்விட்டது.

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "மூணு கோச்சைப் பார்த்தாச்சு சார். ஸ்டிமாச் அஞ்சு வருஷம் இருந்தார். 2024 ஜனவரியில கத்தார்ல நடந்த ஆசியக் கோப்பையில மூணு ஆட்டம் ஆடி ஒரு கோல் கூட அடிக்கலை. அவரைத் தூக்கிட்டு ஸ்பெயின்காரர் மார்க்வெஸ். 2025 ஜூன்ல ஹாங்காங்கிட்ட தோல்வி. அவர் போய் நம்ம காலித் ஜமீல் வந்தார். இப்ப சிங்கப்பூர். சமையல்காரனை மாத்திக்கிட்டே இருக்கோம். அரிசியே சரியில்லைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

இதற்குப் பதில் சொன்னவர் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர். பிரெஞ்சுப் பிரஜை. நாங்கள் வேடிக்கையாக அவரை 'முசியே' என்போம். பிரான்ஸ் கோஷ்டி அவருக்கு 'எங்க டீம்'. "நல்ல அரிசியும் குழையும் சார்," என்றார். அவர் சொன்னது 2002 உலகக் கோப்பையை. அந்தப் பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் ஆன்ரி. இத்தாலியில் முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர் திரெஸெகே. பிரான்ஸில் அப்படியே சிஸ்ஸே. மூவரும் ஒரே கோஷ்டியில். பயிற்சியாளர் லெமேர், 2000-இல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர். மூன்று ஆட்டங்களில் பிரான்ஸ் அடித்த கோல் பூஜ்யம். ஜிதான் தொடையில் காயம் பட்டு முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஒருவர் இல்லாததால் மற்றப் பத்துப் பேருக்கும் கோல் கம்பம் மறந்துபோகுமா என்று முசியே இன்றைக்கும் கோபமாகக் கேட்கிறார்.

எந்தச் சண்டையிலும் இரு கட்சிக்காரர்களும் சாட்சிக்கு அழைக்கும் ஆள் ஒருவர் உண்டு. இங்கே அவர் ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றபோது பயிற்சியாளர் அவர்தான். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். நாலு வருஷம் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நாலாம் இடம் வந்தபோதும் அவர்தான். 1962 ஜாகர்த்தா ஆசிய விளையாட்டு இன்னும் விசேஷம். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. இடையில் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடிபட்டுத் தையல். தடுப்பு வரிசைக்காரரான அவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். இரண்டில் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

"இதுக்கு மேல கோச்சுக்கு என்ன சாட்சி வேணும்?" என்றார் முசியே. "ஜர்னைல் மாதிரி ஆளிருந்தா யார் வேணாலும் கோச்," என்றார் பாங்குக்காரர்.

எனக்கு இதில் வேறு ஒன்று தோன்றிற்று. ரஹீம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதத்துக்கு முன்னால் வந்து இறங்கியவரில்லை. வருஷக்கணக்கில் ஹைதராபாத் போலீஸ் கோஷ்டியை மைதானத்தில் ஓடவிட்டு ஆளாக்கியவர். அந்தக் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது. அவர் 1963 ஜூனில் புற்றுநோயால் காலமான பிறகும், 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டிக் குழம்பு கொஞ்ச நேரம் கொதிக்குமே, அது போல. அப்புறம் ஆறிவிட்டது.

ஆகவே பாங்குக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆட்டக்காரர்கள் போதவில்லை. சுனில் சேத்ரி 2024 ஜூனில் முப்பத்தொன்பது வயதில் கல்கத்தாவில் விடைபெற்றார். மறு வருஷம் மார்ச்சில் நாற்பது வயதில் அவரையே திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. நம் லீக்கில் கோல் அடிக்கும் ஸ்தானத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால், உள்ளூர்ப் பையன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்? ஸ்டிமாச் 1998-இல் மூன்றாம் இடம் பெற்ற குரோவேஷியாவின் தடுப்பு வரிசையில் நின்றவர். அரையிறுதியில் அவர்களைத் தோற்கடித்தது பிரான்ஸ் என்பதால் முசியேவுக்கு அவர்மேல் தனி இரக்கம். அப்பேர்ப்பட்டவர் கையிலும் வந்து சேர்வது இருபத்திரண்டு வயது ஆள். அந்தக் கால் படிந்ததோ ஒன்பது, பத்து வயதில், பத்திரிகையில் பேர் வராத ஒரு வாத்தியாரிடம். ஆட்டக்காரரின் தரம் என்கிறோமே, அதில் பெரும்பங்கு அந்தப் பழைய வாத்தியார் செய்ததும் செய்யாததும்தான்.

நம் ஊர்க் கதையும் இதுதான். 2024 நவம்பரில் கோழிக்கோட்டில் சந்தோஷ் டிராபி தகுதி ஆட்டத்தில் கேரளம் புதுச்சேரியை 7-0 என்று அடித்தது. மூன்றேகால் கோடிக்கு மேல் ஜனங்கள் அங்கே. இங்கே 2011 கணக்குப்படி பன்னிரண்டரை லட்சம். ஜனத்தொகை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மூன்றேகால் லட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்து 2016-இல் இங்கிலாந்தை 2-1 என்று வென்றதே! அவர்கள் பனிக்குப் பயந்து கூரை போட்ட மைதானங்களைக் கட்டி, சின்னக் குழந்தைகளுக்கே முறையாகப் படித்துத் தேறிய பயிற்சியாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்தார்கள். பெரிய கோஷ்டியின் இரு பயிற்சியாளர்களில் ஒருவர் பல் வைத்தியர்.

இவ்வளவும் நான் யோசித்ததற்குக் காரணம் என் தங்கை மகன். பதினொரு வயது. அவன் பள்ளிக் கோஷ்டி ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்றது. தங்கை புருஷன் என்னிடம் வந்து, "மச்சான், கோச் சரியில்லையா, இல்ல இவனுக்கே வரலையா? வரலைன்னா சொல்லிடுங்க. நிறுத்திட்டு டியூஷன்ல போட்டுடறேன்" என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் காலை பயிற்சி பார்க்கப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். இருபத்தாறு பையன்கள், இரண்டு பந்து. வரிசையில் நின்று முறை வந்ததும் ஓர் உதை, மறுபடி வரிசையின் கடைசிக்கு. வாத்தியார் நல்ல மனுஷர். ஆனால் ஆண்டு விழா அணிவகுப்பும் அவர் தலையில்தான். இடையிடையே விசிலோடு அந்தப் பக்கம் ஓடினார். நான் சும்மா இருக்கமுடியாமல் எண்ண ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் என் மருமகன் காலில் பந்து பட்டது பதினான்கு தடவை. அதில் இரண்டு, பந்தாக வந்து அவன் முழங்காலில் மோதியது.

"இவனுக்கு வருமா வராதான்னு சொல்றதுக்கு இன்னும் யாரும் இவனைச் சோதிச்சே பாக்கலை மாப்பிள்ளை," என்றேன்.

"அப்ப கோச் மேலதான் தப்பா?"

"ரெண்டு பந்தை வெச்சுக்கிட்டு ரஹீம் வந்தாலும் வரிசையிலதான் நிறுத்துவார்."

அவருக்கு ரஹீம் யாரென்று தெரியவில்லை. முழுப் பரீட்சை வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறார். நேரு வீதியில் நாலாம் நம்பர் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் முதலில் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார், மாற்றிக்கொண்டேன். இப்போது விடியற்காலையில் எங்கள் வீட்டு மதில்மேல் அது மோதுகிற சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.