கூப்பிடு தூரம்

நுழையும்முன்

தொலைவு என்பது நீளமா, நேரமா? நிலப்படத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் சில, வாழ்க்கையில் வெகு தொலைவில் இருப்பது ஏன்? வானூர்தி செல்லும் வழியையும் மலைமக்கள் நடக்கும் வழியையும் இக்கட்டுரை ஒப்பிட்டுக் காட்டுகிறது.

மலையில் ஒரு குரல்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலைத்தொடரின் சரிவில் அமைந்த பேரூர் பண்ணைக்காடு. காப்பியும் மலைவாழையும் விளையும் அச்சரிவில் நிற்பவருக்கு எதிர்மலை கைக்கெட்டுவதுபோல் தோன்றும். உரக்க அழைத்தால் அங்குள்ளவர் மறுமொழி தருவர். ஆயினும் பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, மீண்டும் ஏறி அவரை அடைய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். 'கூப்பிடு தூரம்' என்னும் தமிழ் அளவைக்குச் சமவெளியில் ஒரு பொருள். மலையில் வேறொரு பொருள்.

இதனை உணர்ந்தே தமிழர் தொலைவை நேரத்தாலும் அளந்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகைவழி' என்றனர்.

நேர்கோட்டின் கணக்கு

வானூர்திக்கு மேடுமில்லை, பள்ளமுமில்லை. அதன் வழியை அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிடுவர். சென்னை, மதுரை விமான நிலையங்களுக்கு இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 350 கி.மீ.; கிழக்கு மேற்காக ஏறத்தாழ 228 கி.மீ. இவற்றைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால், கர்ணமே வான்வழித் தொலைவு. அது 420 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நெடுந்தொலைவுகளுக்குப் பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய துல்லிய அளவைக்குத் தமிழ் மண்ணே தொடக்கம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிக் குமரிமுனை நோக்கி அளவையைக் கொண்டுசென்றனர். குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவர்களுக்குக் குன்றுகளாயின. இன்றைய சென்னை விமான நிலையமும் அப்பரங்கிமலைக்கு அருகிலேயே உள்ளது.

கணக்கில் வராத நேரம்

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் மதுரையை அரை மணி நேரத்தில் எட்டிவிடலாம் என்கிறது கணக்கு. கால அட்டவணையோ ஒரு மணி நேரத்திற்கு மேல் காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்க முறை வரும்வரை காத்திருக்கவும் நேரம் வேண்டும். பண்ணைக்காட்டிலிருந்து புறப்படுபவர் மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரை விமான நிலையம் சேர்வதற்கோ, வானில் பறப்பதைவிடக் கூடுதல் நேரமாகும்.

நேர்கோட்டை மட்டும் நம்புவது சில வேளைகளில் உயிருக்கே கேடாகும். கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே மலையில் உள்ள சிற்றூர் வெள்ளகவி. நிலப்படத்தில் இரண்டு ஊர்களும் அதற்கு அருகிலேயே உள்ளன. ஆயினும் வாகனச் சாலை இல்லாத நெடுங்காலம், நோயுற்றோரை டோலியில் கிடத்தித் தோளில் சுமந்தே அங்குள்ளோர் மருத்துவமனை சேர்த்தனர். அவர்களிடம் "எத்தனை கிலோமீட்டர்?" எனக் கேட்பதில் பொருளில்லை. "எத்தனை மணி நேரம்?" என்பதே சரியான கேள்வி. பள்ளியும் மருத்துவமனையும் எங்கே அமைய வேண்டும் எனத் திட்டமிடுவோர் கையில் அளவுகோலோடு கடிகாரமும் இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவு, சாலைத் தொலைவு, பயண நேரம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.