வாயில்லாச் சீவனின் மூச்சு

ஓடிக் களைத்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனையோ மூக்கினாலேயே மூச்சுவிடும் பிராணி. ஆதலால், விளையாடி ஓய்ந்த பூனை வாய் திறந்து இளைக்கக் கண்டால், நான் அதனை வேடிக்கையாகக் கருதுவதில்லை, அருகமர்ந்து கவனிக்கிறேன்.

துள்ளித் திரியும் குட்டிக்கும், கடும் வெயிலிலும், சிறிது இளைப்பு உண்டாகலாம். படுத்த சில நிமிடங்களில் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிடினும், சிறு ஓட்டத்திற்கே மீண்டும் மீண்டும் இளைப்பு வரினும், நோய் ஒளிந்திருக்கக் கூடும். பூனைக்கும் ஆஸ்துமா உண்டு. இதயத் தசை தடித்துப்போகும் நோயும் உண்டு. நோயை மறைப்பது பூனையின் சுபாவம். மூச்சே அதன் வாய்மொழி.

எங்கள் இல்லத்தில், பூனை உறங்குகையில் பேத்தி எண்ணுவாள். நான் கடிகாரம் பார்ப்பேன். விலா ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. நிமிடத்திற்கு 30க்கு மேல் தொடர்ந்து இருப்பின் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். ஈறு வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, கழுத்தை நீட்டி வயிறு குலுங்க மூச்சு வாங்கினாலோ, சிறிதும் தாமதிக்கலாகாது. இறுகப் பிடிக்காமலும், நீர் புகட்டாமலும், காற்றோட்டமான கூடையில் கொண்டு செல்லுங்கள். நாம் உட்கொள்ளும் பாராசிட்டமாலை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

படைப்புகளையெல்லாம் உடன்பிறப்புகளாகக் கண்டார் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். பேசவியலா உயிரின் துன்பம் அறிய ஒரு நிமிடம் அமர்ந்து எண்ணுவதும் அன்பின் பணியே. அதனை நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோமாக.