முன்பணமும் கூலியும்

கடன் என்றால் என்ன என்று பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்யப் போக முடியாது. நல்ல கூலி தருகிறேன் என்று பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தாலும் முன்பணத்தை அடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். காஞ்சிபுரத்தின் இந்த நெசவுத் தெருக்களிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளைகள், கணினிப் படிப்பின் கடைசி ஆண்டில் இரண்டு வாசல்களுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்று வெளிநாட்டு எம்.எஸ். அதற்கு ஆகும் செலவெல்லாம் சொந்தப் பொறுப்பு. இன்னொன்று பிஎச்.டி. அதில் மாதாமாதம் உதவித்தொகை வரும். "எத்தனை வருஷம்? மாசம் எவ்வளவு?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். அமெரிக்காவில் இரண்டாண்டு எம்.எஸ். படிப்புக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து பல பல்கலைக்கழகங்களில் 40 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். இங்கே ஈடு என்றால் தறி போட்டிருக்கும் வீடுதான். 40 லட்சத்தைப் பத்து விழுக்காட்டு வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 33,000 ரூபாய்க்கு மேல். இந்தப் பக்கம், ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பிஎச்.டி. மாணவருக்கு 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கிறது. ஐந்தாண்டில் 24 லட்சம். பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரை போகும். ஒரு வழியில் வட்டியாக வெளியே போகும் தொகை, மறு வழியில் ஏறக்குறைய அதே அளவில் வீட்டுக்குள் வருகிறது.

இதைப் பார்த்ததும் பல பெற்றோர் முடிவெடுத்துவிடுகிறார்கள்: பிஎச்.டி. இலவசம், அதையே படி. இங்கேதான் சற்று நிற்க வேண்டும். அந்த உதவித்தொகையைப் பரிசு என்று நினைப்பதால் வரும் தவறு இது. அது ஐந்தாறு ஆண்டு வேலைக்குத் தரப்படும் கூலி. அந்தக் கூலி என்ன வேலைக்கு என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவது, முன்பணம் வாங்கியபின் தறியைப் பார்க்கப் போவது போலத்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கூலி பெரியதாகவே இருந்தது. சிறுவனாக இருந்தபோது சில காலம் காஞ்சிபுரத்துப் பள்ளியில் படித்தவர் கணித மேதை ராமானுஜன். அவருடைய தாய்வழிப் பாட்டனார் இவ்வூர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது, தம் சம்பளம் ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். அன்றைய மதிப்பில் அது மாதம் 25 ரூபாய் அளவு. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்த ஆய்வு உதவித்தொகை மாதம் 75 ரூபாய். அந்தக் கணக்கில், ஆய்வுக்கு வந்ததால் வருமானம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. இன்றைய கணினித் துறையில் நிலைமை தலைகீழ். நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர் மென்பொருள் நிறுவனத்தில் ஐந்தாண்டில் எட்டும் சம்பளத்தை ஆய்வு மாணவரின் உதவித்தொகை எட்டாது. அந்த வித்தியாசம்தான் பிஎச்.டி.க்கு உண்மையில் கட்டும் கட்டணம். எந்த ரசீதிலும் அது அச்சாவதில்லை.

அப்படியானால் அந்த வேலைதான் என்ன? முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்கள், தகுதித் தேர்வு. அதன்பின் பாடத்திட்டம் கிடையாது, வினாத்தாள் கிடையாது. இதுவரை யாரும் விடை சொல்லாத ஒரு கேள்வியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பல மாதம் துரத்தியபின், வேறொரு நாட்டில் யாரோ போன ஆண்டே அதற்கு விடை எழுதிவிட்டது தெரியவரும். இரவெல்லாம் ஓடிய சோதனை காலையில் பிழைச்செய்தியோடு நிற்கும். எழுதி அனுப்பிய கட்டுரை திரும்பி வரும். இயந்திரக் கற்றலின் முன்னணி மாநாடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் ஏற்கப்படுகிறது. இதிலும் ஒரு ருசி இருக்கிறது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு சின்ன உண்மை தன் கைக்கு வந்த நாளை ஆய்வு செய்தவர்கள் மறப்பதில்லை. அந்த ருசி உள்ளவருக்கு ஐந்தாண்டும் போதாது. இல்லாதவருக்கு இரண்டாவது ஆண்டே பாரம்.

ருசி உள்ளவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1953இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார், 1958இல் முனைவரானார். 1989இல் அவர் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம். கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பக்கத்தைப் படிக்க இந்தியாவில் அதைவிடச் சிறந்த இடங்கள் மிகச் சிலவே. தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் முடித்து, 1977இல் அமெரிக்கா போய், 1981இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவரானார். தரவுத்தளம் பாதியில் நின்றுபோனால் கணக்கு கெடாமல் மீட்கும் 'ஏரிஸ்' முறை, பின்னர் அவர் ஐ.பி.எம்.மில் சக ஆய்வாளர்களோடு உருவாக்கியது.

இன்னொரு வகைக் கதையும் உண்டு. சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டுக்கு உதவித்தொகையோடுதான் போனார், பொருளறிவியல் படிக்க. விமானச் சீட்டுக்கே தந்தையின் ஓராண்டுச் சம்பளம் அளவு செலவானது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிஎச்.டி.யைத் தொடராமல் எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறி வேலைக்குப் போனார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிஎச்.டி.யில் சேர்ந்து, தனக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் முதுநிலைப் பட்டத்தோடு விலக வழி இருக்கிறது. அது குற்றமல்ல. ஆனால் கட்டணம் மிச்சம் என்பதற்காக முதல் நாளே அந்தத் திட்டத்தோடு சேர்வது வேறு. அந்த இடத்துக்காகக் காத்திருந்த இன்னொரு மாணவரும், அவரை நம்பித் திட்டம் வகுத்த வழிகாட்டியும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சொந்தச் செலவில் எம்.எஸ். போவது எப்போதுமே தவறு என்று சொல்ல முடியாது. முன்பு அந்தக் கடனை அங்கேயே வேலை பார்த்து அடைத்தவர்கள் ஏராளம். அப்போது கணக்கு வேறு. அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் கணினி மாணவர் மூன்றாண்டு வேலை பார்க்கலாம், அதற்குமேல் எச்-1பி விசாவுக்குக் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆராய்ச்சி நிதி சுருங்கியதால் அங்கே பல துறைகள் பிஎச்.டி. சேர்க்கையையும் குறைத்தன. வேலை கிடைத்துவிடும் என்ற ஒரே நம்பிக்கையில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு இது காலமல்ல.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பாதைகளை நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். வாரம் எட்டு மணி நேரம் துறையின் கற்பித்தல் வேலையில் உதவ வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். இருக்கிறது. ஆய்வு பிடித்துப்போனால் அதை அங்கேயே பிஎச்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் எம்.எஸ். பட்டத்தோடு வேலைக்குப் போகலாம். தீர்மானிக்க முடியாமல் தவிக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. காஞ்சிபுரத்தின் பெயரையே தாங்கி 2007இல் தொடங்கப்பட்டு, இப்போது மேலக்கோட்டையூரில் இயங்கும் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நிறுவனத்திலும் ஆய்வுப் படிப்பு உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்குகளும் உண்டு: மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் வாங்கத் தொடங்கிவிட்டது.

பிஎச்.டி. என்று முடிவெடுத்தால் கல்லூரியின் பெயரைவிட வழிகாட்டியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், உதவித்தொகை நாள் தவறாமல் வருகிறதா, எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதையெல்லாம் அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படக் கூடாது.

ஆய்வு தனக்குப் பிடிக்குமா என்பதை இருபத்தொரு வயதில் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் கடைசி ஆண்டு பிராஜெக்ட் இருக்கிறது. பலர் அதைப் பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். கேள்விகளோ தெருவிலேயே கிடக்கின்றன. வரைபடத் தாளில் கட்டம் கட்டமாகப் போட்ட புட்டா இப்போது கணினியில் வரையப்பட்டு ஜக்கார்டு அட்டையில் துளையாகிறது. அந்த அட்டை தேய்ந்துபோன பழைய டிசைனைச் சேலையின் படத்திலிருந்தே மீட்க முடியுமா? கைத்தறியா விசைத்தறியா என்று துணியின் நெருக்கமான படத்தைப் பார்த்துச் சொல்லும் நிரல் எழுத முடியுமா? இப்படி ஒரு கேள்வியோடு ஆறு மாதம் மல்லாடியவருக்கு, பிஎச்.டி. கடிதம் வரும்போது என்ன பதில் எழுதுவது என்று தெரிந்திருக்கும். காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் விலைக்கு வாங்கிய பிராஜெக்டை ஏற்க மறுத்து, மாணவருக்கு அந்த ஆறு மாதத்தைப் பெற்றுத்தர வேண்டும்.